தனுஷ்கோடி ரயில் பாதை

தனுஷ்கோடி, இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள மீனவர் சிற்றூர். 1914 முதல் 1964 வரை ஐம்பது ஆண்டுகள் இவ்வூர், சென்னை எழும்பூரில் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதையின் கடைசி நிலையமாகவும் இலங்கைக்குச் செல்லும் நீராவிக் கப்பலின் துறையாகவும் இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குப் பின் வீசிய புயலில் நிலையமும் பாதையும் ஒரு பயணிகள் ரயிலும் அழிந்தன. அதன்பின் இங்கு ரயில் வரவில்லை.

தனுஷ்கோடியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் புயலில் தொடங்கிப் புயலிலேயே முடிகின்றன. அந்த ஊர் ஏன் அங்கே இருந்தது, ஏன் மீண்டும் எழவில்லை என்பவற்றை அறிய ரயிலின் கதையைப் பார்க்க வேண்டும்.

அமைவிடம்

பாம்பன் தீவு மேற்கே அகன்றும் கிழக்கே போகப்போக ஒடுங்கியும் காணப்படும். ராமேஸ்வரத்தைக் கடந்து தென்கிழக்கே திரும்பும் நிலம் வெறும் மணல்திட்டாக நீண்டு, அரிச்சல்முனை என்ற இடத்தில் முடிகிறது. திட்டின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கடல் பொதுவாக அமைதியாக இருப்பதால் அதைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் இப்பகுதி மீனவர்கள் அழைக்கின்றனர். இரண்டு கடலுக்கும் இடையே சில இடங்களில் ஒரு தெரு அளவுக்கே நிலம் இருக்கும். அரிச்சல்முனைக்கு அப்பால் இலங்கையின் தலைமன்னாரை நோக்கி ஆதாம் பாலம் அல்லது இராமர் சேது எனப்படும் மணல்திட்டுகளின் தொடர் செல்கிறது.

தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை. இராமாயணத்துடன் சேர்த்துச் சொல்லப்படும் இடம் என்பதால், காசி யாத்திரை செய்தவர் சேதுவில் நீராடினால்தான் யாத்திரை நிறைவுறும் என்பது நெடுநாள் வழக்கம். ரயில் வருமுன் இங்கு வந்தவர்கள் மீனவரும் இந்த யாத்திரிகருமே. பெரிய ஊர் ஒன்று இங்கே உருவாக வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

தூத்துக்குடி வழியும் பழைய கடல் வழிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குச் செல்ல இரண்டு விதமான வழிகள் இருந்தன. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் பாம்பன், தொண்டி போன்ற துறைகளிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

வசதி படைத்தவர்களுக்கும் தபாலுக்கும் தூத்துக்குடி வழி இருந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. அதன்பின் சென்னையிலிருந்து 709 கி.மீ. ரயிலில் வந்து, தூத்துக்குடியில் கப்பலேறி ஓர் இரவுப் பயணத்தில் கொழும்பை அடையலாம். வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடன் மோதியது இந்தத் தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான்.

இந்த வழியில் கடல் தூரம் அதிகம். தீவின் முனை வரை ரயிலைக் கொண்டு சென்றால் கடல் பயணம் சுமார் 35 கி.மீ. ஆகக் குறையும். இன்னும் ஒரு படி மேலே போய், ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகள் மீதே ரயில் பாதை போட்டு இந்தியாவையும் இலங்கையையும் நேராக இணைக்கும் திட்டமும் ஆராயப்பட்டது. செலவு மிகுதி என அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் பாம்பன் கால்வாய் மேல் பாலம், தனுஷ்கோடி வரை பாதை, அங்கிருந்து கப்பல் என்ற மூன்றடுக்கு ஏற்பாடு.

கப்பலைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தனுஷ்கோடிக்கு வந்த பாதை ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ். எதிர்க்கரையில் இலங்கை அரசு ரயில்வேயின் பாதையோ 1,676 மி.மீ. அகலமுள்ள அகலப் பாதை. அதாவது கடலின் மீது பாலமே கட்டியிருந்தாலும் சென்னையில் புறப்பட்ட பெட்டி கொழும்புக்குப் போயிருக்க முடியாது. எப்படியும் எங்கோ ஓரிடத்தில் இறங்கி ஏறியே ஆக வேண்டும். அந்த ‘எங்கோ ஓரிடம்’ தனுஷ்கோடியாக ஆயிற்று.

பாம்பன் பாலம்

மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902இல் திறக்கப்பட்டது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடல். அங்கே பாலம் கட்டும் பணி 1911இல் தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2.06 கி.மீ. மும்பையில் பாந்த்ரா–வொர்லி கடற்பாலம் வரும்வரை இந்தியாவின் மிக நீளமான கடற்பாலம் இதுவே.

பாலத்தின் நடுவே கப்பல்கள் செல்வதற்காகத் திறக்கும் பகுதி ஒன்று இருந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சர் நிறுவனத்தின் வடிவமைப்பு அது. இரு பக்கமும் ஒவ்வோர் இரும்பு இறக்கை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 415 டன் எடை. மின்சாரம் இல்லாமல், தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுற்றியே இறக்கைகளை உயர்த்தினர். இறக்கையின் எடைக்கு எதிர் எடை பொருத்தப்பட்டிருந்ததாலும், அது அச்சில் சுழலாமல் வளைந்த அடிப்பாகத்தின் மேல் உருண்டு எழுவதாலும் மனித வலிமையே போதுமானதாக இருந்தது.

பாலத்தைக் கடந்ததும் பாம்பன் சந்திப்பு. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. இன்றைய பயணிக்கு வியப்பளிக்கும் செய்தி, அன்று முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்குச் சென்றது. ராமேஸ்வரம் கிளைப் பாதையில் இருந்தது. உலகறிந்த கோயில் நகரம் கிளையிலும், மணல்திட்டுச் சிற்றூர் முதன்மைத் தடத்திலும் இருந்ததிலிருந்தே இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பது விளங்கும். அது யாத்திரிகருக்கான பாதை அன்று, கொழும்புக்கான பாதை.

இதற்கு ஒரு சான்றை ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் தருகிறார். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே வீசுவார்கள். ஊரில் செய்தித்தாள் விநியோகித்த உறவினர் சம்சுதீனுக்காக அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்ததே சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம்.

போட் மெயில்

1914இல் சென்னையிலிருந்து வந்த இலங்கைத் தபால் ரயில் தூத்துக்குடிக்குப் பதிலாகத் தனுஷ்கோடிக்குத் திருப்பப்பட்டது. கப்பலுடன் இணைந்த தபால் ரயில் என்பதால் அதற்குப் போட் மெயில் என்று பெயர். இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் சொல்வர். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை 675 கி.மீ. தொடக்கத்தில் விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை எனச் சுற்றி வந்தது. பின்னர் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியே மானாமதுரைக்கு நேர்ப்பாதை அமைந்தபோது மதுரையைச் சுற்ற வேண்டிய தேவை குறைந்தது.

பயணத்தின் சிறப்பு, எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்புக் கோட்டை நிலையம் வரை செல்லலாம் என்பது. ரயில் தனுஷ்கோடித் துறைமேடை வரை சென்றது. பயணி பெட்டியிலிருந்து இறங்கிச் சுங்கச் சோதனை முடித்துக் கப்பலில் ஏறுவார். சுமார் 35 கி.மீ. கடந்தால் தலைமன்னார்த் துறை. அங்கேயும் துறைமேடையிலேயே ரயில் காத்திருக்கும். மதவாச்சியில் பிரிந்து தலைமன்னாருக்கு வரும் இலங்கைப் பாதையும் அதே 1914இல் திறக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இரவு முழுதும் சென்று காலையில் கொழும்பை அடைந்தனர்.

முதலில் ஓடிய கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூவரும் இந்தியாவின் வைசிராய்கள். பிற்காலக் கப்பல்களான இர்வின், கோஷன் ஆகியவற்றில் முன்னது வைசிராயின் பெயரையும் பின்னது சென்னை மாகாண ஆளுநரின் பெயரையும் கொண்டவை. புயல் வீசிய காலம் வரை பயணிகள் நினைவில் நின்றவை இந்த இரண்டு கப்பல்களே.

வணிகர், அரசு அதிகாரிகள், இலங்கையில் கடை வைத்திருந்த தமிழக முஸ்லிம்கள், செட்டியார்கள், நாடக நடிகர்கள், யாத்திரிகர் எனப் பல தரப்பினரும் இந்த வழியில் சென்றனர். ஆனால் பாதையை நிரப்பியவர்கள் மூன்றாம் வகுப்பில் சென்ற தோட்டத் தொழிலாளர்கள்.

மண்டபம் முகாம்

தோட்டத் தொழிலாளர்கள் போட் மெயில் பயணிகளைப் போல நேராகக் கப்பலுக்குச் செல்ல முடியாது. பாலத்துக்கு இப்பாலே மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் இருந்தது. முன்னர் தூத்துக்குடி வழிக்காகத் தட்டப்பாறையில் இருந்த முகாமின் வேலையைத் தனுஷ்கோடி வழி வந்தபின் மண்டபம் ஏற்றுக்கொண்டது. கங்காணி அழைத்து வந்த ஆண், பெண், குழந்தைகள் அங்கே சில நாட்கள் தங்க வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனையும் அம்மைத் தடுப்பூசியும் முடிந்தபின் ரயிலேற்றப்பட்டனர். இந்திய மண்ணில் வேறொரு நாட்டின் அரசு நடத்திய முகாம் என்பதால் இது அக்காலத்திலேயே விவாதத்துக்கு உள்ளானது. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் ‘மண்டபம் முகாம்’ என்பதுதான்.

1939இல் இலங்கை அரசு இந்தியத் தொழிலாளர்களைப் பணிநீக்கம் செய்யத் தொடங்கியபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் கூலித் தொழிலாளர்கள் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. தனுஷ்கோடிப் பாதையின் முதல் நோக்கம் அத்துடன் பாதி முடிந்துவிட்டது எனலாம். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஊருக்குப் போய் வருவது என்று இருந்த பயணம், கடவுச்சீட்டும் விசாவும் கேட்கும் எல்லைக் கடப்பாக மாறியது.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்; மீதி 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும். அந்த ஐந்தேகால் லட்சம் பேர் திரும்பி வர இருந்த இயல்பான வழி தலைமன்னார்–தனுஷ்கோடி வழி. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரங்கள் ஆவதற்குள் தனுஷ்கோடி அழிந்துவிட்டது.

ரயில் உண்டாக்கிய ஊர்

ஐம்பது ஆண்டுகளில் மணல்திட்டின் மேல் ஒரு சிறு நகரம் வளர்ந்தது. ரயில் நிலையம், ரயில்வே குடியிருப்பு, நீராவி இயந்திரங்களுக்கான தண்ணீர்த் தொட்டி, துறைமுக அலுவலகம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், சத்திரங்கள், கடைகள். இவற்றில் மீனவர் வாழ்வோடு தொடர்புடையவை எவை, ரயிலோடும் கப்பலோடும் தொடர்புடையவை எவை என்று பிரித்துப் பார்த்தால் ஊரின் தன்மை தெளிவாகும். சம்பளம் வாங்கியவர்களில் ரயில்வே, துறைமுகம், சுங்கம் ஆகியவற்றின் ஊழியர்களே முதன்மையானவர்கள். கப்பல் வரும் நேரமும் ரயில் புறப்படும் நேரமும் ஊரின் கடைத்தெருவை இயக்கின. தனுஷ்கோடியில் பிடித்த மீனும் கருவாடும் வெளியூருக்குச் சென்றதும் ரயிலில்தான்.

சாலை என்று ஒன்று அங்கு இருக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலில் வரலாம், படகில் வரலாம், மணலில் நடந்தும் வரலாம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் சாலைப் பாலமும் கட்டப்படாத காலம் அது. அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே ரயில் நின்றால் ஊருக்கு மறுவழி இல்லை.

1964 டிசம்பர் 22

1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, புயலாக வலுப்பெற்று மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவு பாம்பன் தீவைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை இருந்ததாகவும் கடல் சுமார் 7 மீட்டர் உயரத்துக்கு எழுந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் 653 எண் பயணிகள் ரயில் அன்றிரவு 11.55 மணிக்குப் புறப்பட்டது. ஆறு பெட்டிகள். பதிவின்படி 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தனர். தனுஷ்கோடியின் வெளிச் சைகைக் கம்பத்துக்கு அருகே வந்தபோது சைகை விளக்கு எரியவில்லை. தண்டவாளத்தின் இருபுறமும் இருள், மழை. ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்து, பின் நீண்ட விசில் கொடுத்து ரயிலை மெல்ல நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. எழுந்து வந்த கடல் முழு ரயிலையும் அடித்துச் சென்றது. பதிவிலிருந்த 115 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் அதிகம் இருக்கும் என்ற கருத்து அன்றிலிருந்தே உண்டு.

பாம்பன் பாலத்தின் மேல் சென்றபோது ரயில் கடலில் விழுந்தது என்று பலர் நம்புகின்றனர். அச்சிலும் அவ்வாறு வந்திருக்கிறது. அது சரியன்று. அன்றிரவு பாலமும் உடைந்தது, ரயிலும் அழிந்தது. ஆனால் இவை இருபது கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளியுள்ள இரு இடங்களில் நடந்தவை. ரயில் பாம்பனிலிருந்தே புறப்பட்டதால் அது பாலத்தின் மேல் ஏறவே இல்லை.

தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டதால் செய்தி வெளியே வர நாளாயிற்று. மண்டபத்தில் இருந்த கடல்துறை அதிகாரி தந்த தகவலை வைத்தே ரயில்வே தலைமையகம் விபத்தை அறிவித்தது. அதற்குள் ஏறத்தாழ 48 மணி நேரம் கடந்திருந்தது. ரயில் பெட்டிகளின் மரத் துண்டுகள் இலங்கைக் கரையில் ஒதுங்கின. புயலில் இறந்தவர்கள் மொத்தம் சுமார் 1,800 பேர் என மதிப்பிடப்படுகிறது. நிலையம், தண்டவாளம், துறைமேடை, குடியிருப்புகள் அனைத்தும் சிதைந்தன. வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு தனுஷ்கோடியை அறிவித்தது.

46 நாட்கள்

பாம்பன் பாலத்தில் இருந்த 145 இரும்பு உத்தரங்களில் 126 கடலில் விழுந்தன. நடுவில் இருந்த ஷெர்சர் பகுதி மட்டும் தப்பியது. பாலத்தைச் சீரமைக்க ஆறு மாத காலக்கெடு வைக்கப்பட்டுப் பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பு, அப்போது 32 வயதான தெற்கு ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் தரப்பட்டது. புதிய உத்தரங்கள் செய்து வரக் காத்திராமல், விழுந்தவற்றையே கடலடியிலிருந்து தூக்கி எடுத்து மீண்டும் பொருத்தும் முறை கையாளப்பட்டது. 46 நாட்களில் வேலை முடிந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, தில்லி மெட்ரோ ஆகியவற்றால் அறியப்பட்ட ஸ்ரீதரனின் பெயர் முதலில் வெளியே தெரிந்தது இப்பணியால்தான்.

பாலத்துக்கு 46 நாட்கள் போதுமானதாக இருந்தது. பாம்பன்–தனுஷ்கோடிப் பாதையோ அறுபது ஆண்டுகள் கடந்தும் மீளவில்லை. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கடலடியில் உத்தரம் கிடந்தது, அதை எடுக்க முடிந்தது. தனுஷ்கோடியில் பாதைக்கு அடியில் இருந்த நிலமே கலைந்திருந்தது. அடுத்த புயலுக்கு அது தாங்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் தொழில்நுட்பக் காரணம் முழுக் காரணம் ஆகாது. பாலத்தின் மறுகரையில் ராமேஸ்வரம் இருந்தது. அங்கே கோயிலும் யாத்திரிகரும் ஆண்டு முழுதும் உண்டு. தனுஷ்கோடிக்கு ரயில் தேவைப்பட்டது கப்பலுக்காக. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிவிட்டால் தனுஷ்கோடிக்கு ரயில் தேவையில்லை. அப்படியே செய்தார்கள். கிளைப் பாதையாக இருந்த ராமேஸ்வரம் முதன்மைப் பாதையாயிற்று. அங்கே தங்கியிருந்த மீனவரின் தேவை இந்தக் கணக்கில் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ராமேஸ்வரம்–தலைமன்னார் இடையே இராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர் இக்கப்பலில்தான் பெரும்பாலும் வந்தனர். அவர்களின் தாத்தா பாட்டி தடுப்பூசி போட்டுக்கொண்டு வெளியேறிய அதே மண்டபம் முகாம், இப்போது அவர்களை வரவேற்கும் இடைத்தங்கல் முகாமாயிற்று. அங்கிருந்து ரயிலில் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1983 இனக்கலவரத்துக்குப் பின் நிலைமை மோசமடைய, 1984 வாக்கில் கப்பலும் நின்றது. மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக, ஈழ அகதிகளுக்கான முகாமாக மாறியது.

எதிர்க்கரை

தலைமன்னார்ப் பாதை இலங்கையின் உள்நாட்டுப் போரில் 1990இல் நின்றது. போர் முடிந்தபின் இந்தியாவின் இர்கான் நிறுவனம் அதை மீண்டும் அமைத்தது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார்த் துறை வரை ரயில் சேவை தொடங்கி வைக்கப்பட்டது. ஆக, கடலுக்கு அப்பால் உள்ள நிலையம் இன்று இயங்குகிறது. அது எந்த நிலையத்தை நோக்கிக் கட்டப்பட்டதோ அந்த நிலையம் இல்லை.

மேலே சொன்ன பாதை அகலத்தின் கதையும் இங்கே திரும்பிப் பார்க்கத்தக்கது. பாம்பன் பாலம் 2007இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. 1914இல் வெவ்வேறாக இருந்த இரு கரைப் பாதைகளும் இப்போது ஒரே அகலம். இணைப்புக்குத் தொழில்நுட்பம் தடையாக இருந்த காலத்தில் நாள்தோறும் ஆயிரம் ஆயிரமாய் மக்கள் கடந்தனர். அந்தத் தடை நீங்கிய காலத்தில் கடப்பவர் இல்லை.

இன்றைய நிலை

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தற்செயலாக அது புயலின் 58ஆம் நினைவு நாள். அருகிலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதியில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, இறக்கைகளாகப் பிரியாமல் மின்தூக்கியைப் போல நேராக மேலே எழுகிறது. போட் மெயில் என்ற பெயர் இன்றும் சென்னை எழும்பூர்–ராமேஸ்வரம் விரைவு ரயிலுக்கு வழங்குகிறது. அதில் செல்பவர்களில் பலருக்கு ‘போட்’ எது என்று தெரியாது.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புதிய அகலப் பாதை அமைக்கும் திட்டத்துக்கு 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நீளம் சுமார் 17 கி.மீ., மதிப்பீடு 208 கோடி ரூபாய். இம்முறை நோக்கம் கப்பல் அன்று, சுற்றுலாவும் யாத்திரையும். மணல்திட்டின் சூழலியல், நிலம் ஆகியவை தொடர்பான ஆட்சேபங்களால் திட்டம் நகரவில்லை. பாதை வந்தால் நல்லது என்போரும், ஏற்கெனவே கூட்டத்தால் திணறும் முனைக்கு ரயில் வேண்டாம் என்போரும் உண்டு. பின்னவர்களின் வாதத்துக்கு 1964 ஒரு வலுவான சாட்சி.

சாலை மட்டும் வந்துவிட்டது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. நீளச் சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அதுவரை மணலிலும் சேற்றிலும் ஓடக்கூடிய வேன்களிலேயே பயணிகள் சென்றனர். அரசு வாழத் தகுதியற்றது என்று அறிவித்த இடத்துக்கு மீனவக் குடும்பங்கள் புயலுக்குப் பின் சிறிது சிறிதாகத் திரும்பி வந்து, ஓலைக் குடிசைகளில் தங்கினர். கடலோரத்தில் கையால் தோண்டிய ஊற்றிலிருந்து குடிநீர் எடுத்தனர். இப்போது மீன்பிடிப்புடன் சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்பதும் பொரித்த மீன் விற்பதும் அவர்களின் பிழைப்பு.

சாலையோரத்தில் தேவாலயத்தின் சுவர்கள், பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் இடிபாடுகள் நிற்கின்றன. பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்ட சுவர்கள் என்பதால் உப்புக் காற்றில் ஆண்டுதோறும் சிறிது உதிர்கின்றன. ரயில் நிலையத்தில் மிஞ்சியவை சில வளைவுகளும் தூண்களும் மட்டுமே. காற்று மணலை நகர்த்தும் காலங்களில் துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள் சில இடங்களில் வெளியே தெரியும். ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலிருந்து அரிச்சல்முனைக்கு நகரப் பேருந்து செல்கிறது.